யாரை மாடி ஏறச் சொல்கிறோம்?

சென்னையின் ஜி.எஸ்.டி. சாலையில் யாராவது அடிபட்டதும் எழும் முதல் கோரிக்கை நடைமேம்பாலம். அதில் நியாயம் இல்லாமலில்லை. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் ஒட்டியே ஓடுகின்றன. மின்சார ரயிலில் வந்து இறங்குபவர் வெளியேற எப்படியும் படி ஏறியாக வேண்டும். அந்தப் பாலமே சாலையையும் தாண்டி இறக்கிவிட்டால் லாபம்தான். 2023 மே மாதம் திறந்த மாம்பலம்–தி.நகர் ஆகாய நடைபாதை 570 மீட்டர் நீண்டும் மக்கள் அதில் நடப்பது இதனால்தான். ரங்கநாதன் தெரு நெரிசலும் அதற்கு உதவுகிறது.

கடையிலிருந்து எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவரின் கணக்கு வேறு. அடியில் லாரி போக ஐந்தரை மீட்டராவது விட வேண்டும். படி 15 சென்டிமீட்டர் என்றால் ஏற ஏறத்தாழ 40, இறங்க 40. காய்கறிப் பையும் முழங்கால் வலியுமாக நிற்பவருக்கு அது சாலை கடப்பதல்ல, கிரிவலம். எஸ்கலேட்டர் இருக்கிறதே என்பார்கள். ஓடுகிற நாளில் சரி. மீடியன் இடைவெளியில் புகுந்து ஓடுபவரை ஒழுங்கில்லாதவர் என்று திட்டுகிறோம். வண்டியை அரை நிமிடம் நிறுத்த மனமில்லாமல் அவரை மாடிக்கு அனுப்பியது நாம்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டுதல்களே தரைமட்டக் கடப்புக்குத்தான் முன்னுரிமை தருகின்றன.

சிக்னலும் குறையற்றதல்ல. எட்டு வழிச் சாலை என்றால் 28 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 24 நொடி போதும், 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு 35 வேண்டும். நடுவில் நின்று மூச்சுவிட அகலமான திட்டு இல்லையென்றால் பாதியில் பச்சை மாறிவிடும். ஜீப்ரா கோட்டின் மேலேயே வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு அபராதம் விழாதவரை அது வெறும் வெள்ளைப் பெயின்ட். பாலத்துக்கு ஒரு டெண்டர் போதும், திறப்பு விழாவும் உண்டு. சிக்னலுக்கோ தினமும் ஆள் வேண்டும். பாலம் ஜெயிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது எதிர்ப்புற ரயில் நிலையமும் இல்லை, இணைப்புப் பாலமும் இல்லை. அங்கே பாலம் சரியான தேர்வு: ரயிலிலிருந்து பேருந்துக்கு, பெட்டி படுக்கையோடு. ஆனால் வண்டலூரிலிருந்து பெருங்களத்தூர் வரை தரையிலேயே நின்று எதிர்ப்பக்கம் போகக் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பாலத்தால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பஸ் ஸ்டாப்பை ஒட்டிய சிக்னலும், வேகத்தைக் குறைக்கும் மேடான கடப்பும்.