முட்டுச்சந்தில் ஒரு வாரம்

மெல்பர்ன் நகரின் கிழக்கே, வெர்மான்ட் சவுத் என்னும் புறநகரில் பின் ஓக் கோர்ட் என்றொரு சின்னத் தெரு இருக்கிறது. முட்டுச்சந்து என்று சொன்னால்தான் பொருந்தும். உள்ளே போன கார் வட்டமடித்து வந்த வழியே திரும்ப வேண்டும். இந்தச் சந்துதான் 1985 முதல் 2025 வரை ‘நெய்பர்ஸ்’ தொடரில் ராம்சே தெருவாக நடித்தது. அந்தத் தெரு இருக்கும் எரின்ஸ்பரோ என்ற புறநகர் கற்பனை. வீடுகளும் அவற்றில் குடியிருந்த குடும்பங்களும் நிஜம். 22ஆம் எண் முதல் 32ஆம் எண் வரை ஆறு வீடுகளின் வாசலும் புல்தரையும் மட்டும் கேமராவுக்கு. கூடமும் அடுக்களையும் அருகிலிருந்த நுனாவாடிங் ஸ்டுடியோவில் செட்டாக நின்றன.

நெடுந்தொடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணம், விபத்து, சாவு என்று பெரிய நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொள்கிறார்கள். தொடர்களை அப்படிப் படிப்பது போதாது என்று நினைக்கிறேன். சிறுகதைக்குக் கணம் எப்படியோ, புறநகர்த் தொடருக்கு வாரம் அப்படி. திங்கள் முதல் வெள்ளி வரை அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்த வடிவத்தின் கலை பிடிபடும்.

அமெரிக்க வானொலியில் 1930களில் சோப்பு நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் வளர்ந்ததால் இந்த வடிவத்துக்கு ‘சோப் ஓபரா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் அது தெருவைக் கண்டெடுத்தது. 1960இல் கிரனாடா தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் வரிசை வீடுகளை நாடகமாக்கியது. 1982இல் வந்த ‘புரூக்சைட்’ லிவர்பூலில் நிஜ வீடுகளையே வாங்கிப் படம்பிடித்தது. 1985 பிப்ரவரியில் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ கிழக்கு லண்டனின் சதுக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே, மார்ச் 18ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் செவன் தொலைக்காட்சியில் ‘நெய்பர்ஸ்’ தொடங்கியது. பிரிட்டிஷ் தெருக்களில் மழையும் வறுமையும் இருந்தன. இங்கே வெயில், நீச்சல் குளம், தோட்டத்தில் இறைச்சி சுடும் அடுப்பு.

இதை உருவாக்கிய ரெக் வாட்சன் ஆஸ்திரேலியர். பர்மிங்காமில் ‘கிராஸ்ரோட்ஸ்’ தொடரைத் தயாரித்துத் தொழில் பழகியவர். புதிய தொடருக்குப் பரிசீலித்த பெயர்களில் ‘நோ த்ரூ ரோட்’ என்பதும் ஒன்று. முட்டுச்சந்து என்றுதான் அதற்குப் பொருள். கதையின் இலக்கணமே அந்தப் பெயரில் இருக்கிறது. வழிப்போக்கர் யாரும் அந்தத் தெருவைக் கடந்து போக முடியாது. வந்தவர் யாரோ ஒருவர் வீட்டுக்குத்தான் வந்திருப்பார். வந்தவுடன் அண்டை வீடுகளுக்குத் தெரிந்துவிடும்.

தொடக்கத்தையே பாருங்கள். வங்கியில் வேலை பார்க்கும் டெஸ் கிளார்க் என்ற இளைஞனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நண்பர்கள் இரவு விருந்து வைக்கிறார்கள், ஆட்டத்துக்கு டாஃப்னி என்ற பெண்ணை அமர்த்துகிறார்கள். கல்யாணம் நின்றுபோகிறது. ஆட வந்த டாஃப்னி அதே வீட்டில் ஓர் அறைக்கு வாடகைக்கு வருகிறாள். தெரு முகம் சுளிக்கிறது, பிறகு பழகிக்கொள்கிறது. சில தெருக்கள் யாரை வெளியேற்றலாம் என்று பார்க்கும். இந்தத் தெரு வந்தவளுக்கு இடம் தேடியது. பிற்பாடு டெஸ்ஸும் டாஃப்னியும் கணவன் மனைவியானார்கள். 1988இல் விபத்துக்குப் பின் டாஃப்னி இறந்தபோது பார்வையாளர்கள் துக்கப்பட்டதற்கு அந்த முதல் நாள்களின் முகச்சுளிப்பும் ஒரு காரணம். மெதுவாக ஏற்றுக்கொண்ட ஒருத்தியை இழப்பது கூடுதலாக வலிக்கும்.

பக்கத்து வீட்டில் ஜிம் ராபின்சன், மனைவியை இழந்தவர். பேரப்பிள்ளைகளை வளர்க்க வந்து அவரோடு இருப்பவர் மாமியார் ஹெலன். மாமியார் என்றாலே கண்ணை உருட்டும் பாத்திரத்துக்குப் பழகிய நமக்கு ஹெலன் ஓர் ஆச்சரியம். ஆன் ஹேடி நடித்த அந்தப் பெண்மணி 1997 வரை தெருவின் நியாயஸ்தலமாக இருந்தார். யாருக்கு மனக்கஷ்டம் வந்தாலும் அவருடைய மேசையில் ஒரு கோப்பைத் தேநீர் காத்திருக்கும்.

இனி வாரத்தின் கட்டுமானம். விளம்பரம் போக ஒரு எபிசோட் ஏறத்தாழ 22 நிமிடம். ஐந்து நாளைக்கு 110 நிமிடம், ஒரு முழுநீளத் திரைப்படத்தின் அளவு. இத்தனையும் வாராவாரம் வர வேண்டும். கதை விவாதத்தில் ஐந்து நாளையும் ஒரே மூச்சில் பின்னுவார்கள். பிறகு ஒவ்வொரு நாளின் காட்சிகளையும் வசனமாக எழுத வெவ்வேறு ஆட்களிடம் தருவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கதைகள் ஓடும்: ஒன்று கனமானது, ஒன்று காதலோ குடும்பமோ, ஒன்று லேசானது. திங்களன்று, வெள்ளியில் தொங்கவிட்ட முடிச்சு பாதி அவிழும். செவ்வாயும் புதனும் செய்தி பரவும் நாள்கள். வியாழனில் இரண்டு கதைகள் ஒன்றையொன்று முட்டும். வெள்ளிக்கிழமை கடைசி நொடியில் ஒரு முகம் உறைந்து நிற்கும்.

வெள்ளிக்கிழமையின் உத்தி எல்லோருக்கும் தெரியும். செவ்வாயின் கலைதான் அரிது. ராபர்ட் சி. ஆலன் 1985இல் வெளியிட்ட ‘ஸ்பீக்கிங் ஆஃப் சோப் ஓபராஸ்’ நூலில் இதை நுட்பமாக விளக்கினார். புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் தோன்றும். பழகியவருக்கோ யார் யாரிடம் சொல்கிறார், யாரிடம் மறைக்கிறார், கேட்டவர் முகம் எப்படி மாறுகிறது என்பதே கதை. ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது ஒரு வரிச் செய்தி. அவள் அதைத் தாயிடம் சொல்லும் முன் தோழியிடம் சொன்னாள் என்பதில் உறவுகளின் வரைபடமே இருக்கிறது. நம் தெருத் திண்ணைகளில் செய்தி நடந்த விதமும் இதுதானே.

இந்தத் தொடரின் மிகப் புகழ்பெற்ற நாளே இதற்குச் சாட்சி. பகையான இரு குடும்பங்களின் பிள்ளைகள், ஸ்காட் ராபின்சனும் கார் மெக்கானிக்கான சார்லினும். நடித்தவர்கள் ஜேசன் டோனவன், கைலி மினோக். அவர்களுடைய கல்யாணம் முதலில் ஒளிபரப்பானது 1987 ஜூலை 1, புதன்கிழமை. பிரிட்டனில் பி.பி.சி. அதைக் காட்டியது 1988 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. அங்கே 1 கோடியே 96 லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டு நாட்டிலும் வாரத்தின் நடுவில், சாதாரண வேலைநாளில் தாலி கட்டியதுபோல. அடுத்த நாளும் அந்தத் தெருவில் யாரோ பால் வாங்கப் போனார்கள். பெருநிகழ்ச்சியை அன்றாடத்துக்குள் பொதிந்துவைக்கும் துணிவு இந்த வடிவத்துக்கே உரியது.

இந்தத் துணிவின் உச்சமாக நான் கருதுவது 1999இல் சூசன் கென்னடியின் கதை. அடுக்களைத் தரையில் சிந்திய பாலில் வழுக்கி விழுகிறாள். எழுந்தபோது முப்பது ஆண்டு நினைவு போய்விட்டது. தனக்கு வயது பதினாறு என்று நம்புகிறாள். எதிரே நிற்கும் கணவன் கார்ல் யாரோ ஒரு நடுவயது ஆள். பெற்ற பிள்ளைகள் தன்னைவிடப் பெரியவர்கள். ஜாக்கி வுட்பர்ன் நடிப்பில் அது கேலிக்கூத்தாகவில்லை. திருமணமான பெண் ஒருத்தி தன் வாழ்க்கையை வெளியே நின்று பார்த்து, ‘இதையா நான் தேர்ந்தெடுத்தேன்?’ என்று கேட்க வழி கிடைத்தது. இப்படி ஒரு கேள்வியைப் பல வாரங்கள் மெல்ல ஆறப்போட்டுப் பேச வேறு எந்த வடிவத்துக்குப் பொறுமை உண்டு?

பார்வையாளர்களும் இந்தப் பொறுமையைத் தங்கள் வாழ்க்கைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். லண்டனின் சவுத்தால் பகுதியில் பஞ்சாபி இளைஞர்களிடையே கள ஆய்வு செய்த மேரி கில்லஸ்பி, 1995இல் வெளியான தன் நூலில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். வீட்டில் நேரடியாகப் பேச முடியாத காதல், வதந்தி, குடும்ப மானம் ஆகியவற்றை அவர்கள் ராம்சே தெருவின் ஆட்களை முன்னிறுத்திப் பேசிக்கொண்டார்கள். ஊர்வாய்க்கு அஞ்சும் தெரு எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத் திரையில் கண்டுகொண்டார்கள்.

ஆனால் அந்த இளைஞர்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தெருவில் வீடு கிடைக்க நெடுங்காலமாயிற்று. குடியேறிகளால் நிறைந்த மெல்பர்னின் தெரு, பல்லாண்டுகள் வெள்ளையர் தெருவாகவே இருந்தது. 1993இல் வந்த சீனக் குடும்பம் சில வாரங்களில் போய்விட்டது. இந்திய வம்சாவளிக் கபூர் குடும்பம் 2011இல்தான் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 2021இல் படப்பிடிப்புத் தளத்தில் இனவெறிக்கு ஆளானதாக நடிகர்கள் சிலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். இன்னொரு பக்கம், 2018இல் டேவிட், ஆரன் என்ற இரு ஆண்களின் திருமணத்தை, சட்டம் அனுமதித்த சில மாதங்களிலேயே, தெரு கொண்டாடியது. 2019இல் திருநங்கை நடிகை ஜார்ஜி ஸ்டோன் திருநங்கை மாணவியாகவே நடித்தார். டாஃப்னிக்கு இடம் தந்த தெருவுக்கு எல்லோருக்கும் இடம் தரும் கடமை இருந்தது. அதை அது தாமதமாகவும் அரைகுறையாகவும் செய்தது என்பதை அன்பு கொண்டவர்களே சொல்ல வேண்டும்.

வாரத்துக்கு ஆபத்து வெளியிலிருந்து வந்தது. முதல் ஆண்டிலேயே செவன் கைவிட்டது. டென் தொலைக்காட்சி 1986 ஜனவரியில் எடுத்து நடத்தியது. 2020இல் கொரோனா வந்தபோது ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, இடைவெளி விட்டு நிறுத்தி, கேமராக் கோணத்தால் அருகருகே இருப்பதுபோல் காட்டி, உலகிலேயே முதலில் படப்பிடிப்புக்குத் திரும்பிய தொடர்களில் ஒன்றானது. பிரிட்டனில் சேனல் 5 விலகியதும் 2022 ஜூலையில் முடிந்தது. 2023 செப்டம்பரில் அமேசான் மீட்டெடுத்தது. அப்போது வாரத்துக்கு நான்கு எபிசோட், விரும்பிய நேரத்தில் பார்க்க முடிந்தது. 2025 டிசம்பரில் மறுபடியும் முடிந்தது. 9,000 எபிசோடுகளுக்கு மேல் நடந்த கதை.

விரும்பிய நேரத்தில் பார்ப்பதில் வசதி இருக்கிறது. ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாள் எல்லோரும் ஒரே கேள்வியோடு காத்திருந்ததும் கதையின் பகுதிதான். அந்தக் காத்திருப்பில் எழுத்தாளரின் கை இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்த குடும்பங்களும் பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகளுமே அடுத்த திங்களை எழுதிப் பார்த்தார்கள்.

முதல் எபிசோடில் பால் ராபின்சனாக வந்த ஸ்டீஃபன் டென்னிஸ், இடையில் பல ஆண்டு விலகியிருந்தும், கடைசிவரை அந்தப் பாத்திரமாகவே இருந்தார். இளைஞனாக நுழைந்தவர் தாத்தாவாக முடித்தார். ஒப்பனையால் வந்த மூப்பு அல்ல அது. ஒவ்வொரு திங்களும் செவ்வாயும் சேர்ந்து தந்தது. நாவலாசிரியன் ஒரு பத்தியில் கடத்திவிடும் நாற்பது ஆண்டை இந்தத் தொடர் நாள் நாளாக வாழ்ந்து காட்டியது. அந்த நாள்களில் பெரும்பாலானவற்றில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒருவர் பக்கத்து வீட்டுப் பின்வாசலைத் தட்டாமல் திறந்து உள்ளே வந்தார், கெட்டிலில் தண்ணீர் கொதித்தது, ஒரு செய்தி கை மாறியது.