கவிஞர் சல்மாவும் நம் வீடுகளும்

ஒரு நூலைப் படியாமலே வெறுப்பதன் விளைவு யாது என்பதை நாமக்கல் வட்டாரத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்காண்டுகள் கழித்துத் திருச்செங்கோட்டில் அதன் படிகள் எரியூட்டப்பெற்றன. 2015 சனவரியில் எழுத்தையே துறப்பதாக அவர் அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பின்னரே மீண்டும் எழுதலானார். எம் பெண்களைப் பற்றி இவ்வாறு எழுதலாமா என்பதே அன்றைய சினத்தின் சாரம். அதே வினாவை நம் சமுதாயமும் ஒரு கவிஞரை நோக்கித் தொடுத்ததுண்டு. அவர்தாம் சல்மா.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் அமைந்த துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்தவர் அவர். பதின்மூன்றாம் வயதில் அவருடைய பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டது. மணமான பின்னரும் எழுத இசைவு கிட்டவில்லை. இரவில் வீட்டார் உறங்கிய பிறகு கழிவறைக்குள் நின்று கவிதை எழுதியதை அவரே கூறியிருக்கிறார். கவிஞர் மனுஷ்ய புத்திரனும் அதே ஊரில், அதே ஆண்டில் பிறந்தவரே. அவருடைய முதல் தொகுப்பு 1983இல் வந்தது. சல்மாவின் முதல் தொகுப்பாகிய ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல்தான் வந்தது. ஊரும் ஒன்று, பிறந்த ஆண்டும் ஒன்று. இடைவெளியோ பதினேழு ஆண்டுகள். அவ்விடைவெளி ஆற்றற் குறைவால் நேர்ந்ததென்று அவர் கவிதைகளைப் படித்த எவரும் கூறார்.

பெண் பாடுவது நமக்குப் புதிதன்று. கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள், தென்காசி ரசூல் பீவி ஆகியோர் மெய்ஞ்ஞானப் பாடல்கள் யாத்தனர். மூன்றாம் வகுப்போடு கல்வி நின்றுபோன நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் புதினத்தை வெளியிட்டார். அப்பெண்மணிகளை நாம் போற்றுகிறோம். அவர்களுள் முன்னையோர் இறைவனைப் பாடினர். ஜுனைதா பேகம் கதைமாந்தர் வாயிலாகப் பேசினார். சல்மாவோ தாம் வாழ்ந்த நான்கு சுவர்களைத் தம் குரலிலேயே பாடினார். மனவருத்தம் அங்கேதான் தொடங்கிற்று.

அவர் கவிதையில் யாப்பு இல்லை, அணி மிகுதியில்லை. அறை, சாளரம், இரவு, உறங்கும் குழந்தை, பேச்சற்ற இல்லறம் ஆகியவையே பாடுபொருள். மகப்பேற்றின் தழும்புகளைச் சுமக்கும் மனைவியும், அதனை விரும்பாத கணவனும் ‘இரண்டாம் ஜாமத்துக் கதை’யில் வருகின்றனர். அங்கே அழுகையும் இல்லை, வசையும் இல்லை. கண்டதைச் சொல்லி, அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறார். அந்த அடக்கமே அவரது வன்மை என்பது நம் கருத்து.

வீட்டுத் துயரைத் தெருவில் வைக்கலாமா என்பது முதல் மறுப்பு. உடன்பிறந்தானை இழந்த தன் வீட்டுத் துயரையே அரபு மொழியில் அழியாக் கவிதையாக்கினார் கன்ஸா அம்மையார். பெருமானார் (ஸல்) அவர்கள் அப்பாடல்களை விரும்பிச் செவியுற்றார்கள் என்று வரலாறு கூறுகிறது. வீட்டுத் துயர் கவிதைக்கு ஆகாதென்பது எங்ஙனம் பொருந்தும்?

பிறர் நம்மை இகழ இக்கவிதைகள் கருவியாகாவோ என்பது இரண்டாம் மறுப்பு. இது புறந்தள்ளத்தக்கதன்று. 2013இல் கிம் லாங்கினோட்டோ என்னும் ஆங்கிலேயப் பெண்மணி எடுத்த ஆவணப்படம் சல்மாவின் வாழ்வை உலகெங்கும் கொண்டுசென்றது. அதனைக் கண்ட அயலார் இது மார்க்கத்தின் விளைவெனக் கருதியிருக்கலாம். எனினும் ஓதுமாறு பணித்ததன்றோ நமக்கு அருளப்பெற்ற முதல் வஹீ? அச்சிறுமியின் பள்ளியை மூடியது மார்க்கமன்று, வழக்கம். பருவமெய்திய பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தும் அவ்வழக்கம் சேலம், நாமக்கல் சீமையில் பல சாதியார் வீடுகளிலும் இருந்ததே.

கடல் கடந்தும் நோக்கலாம். சப்பானியப் பெண் கவிஞர் இஷிகாகி ரின் 1920இல் பிறந்து, பதினான்காம் வயதில் வங்கி வேலைக்குச் சென்று, 1975 வரை உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். 1959இல் வெளிவந்த அவரது முதல் தொகுப்பின் பெயரிலேயே பானையும் அடுப்புத் தீயும் இடம்பெற்றுள்ளன. போருக்குப் பிந்திய அந்நாட்டிலும் பெண்ணின் கவிதை அடுக்களைச் சுமையிலிருந்தே எழுந்தது. இப்பொருள் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

குறையும் கூறுதல் கடன். சல்மாவின் கவிதைகளில் ஆண் பெரும்பாலும் நிழலாகவே நிற்கிறான். தாயும் மாமியாரும் அண்டை வீட்டாரும் முகம் பெறுவதில்லை. பத்துக் கவிதைகளைத் தொடர்ந்து படித்தால் ஓர் அறையிலேயே சுற்றிவந்த சோர்வு தோன்றுகிறது. 2004இல் வந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் புதினம் இக்குறையைத் தீர்த்தது. ராபியா என்னும் சிறுமியின் கண்கொண்டு ஒரு தெருவே அங்கே விரிகிறது. பெண்களின் சிரிப்பும் கேலியும் அதில் உண்டு. பெண்ணுக்குப் பெண்ணே காவலாகும் கொடுமையும் உண்டு. கவிதை சுட்டியதைப் புதினம் விளக்கிற்று எனலாம்.

பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் நின்று 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரான சல்மா, 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். இப்பதவிகளைக் காட்டி அவர் கவிதையை நாம் மெச்சவில்லை. இன்று நம் மகளிர் கல்லூரிக்குச் செல்கின்றனர். இரவில் ஒளிந்து எழுத வேண்டிய நிலை எல்லா வீட்டிலும் இல்லை. ஆயினும் தன் மகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பதைக் கண்டால், எத்தனை தந்தையர் சினவாது படிப்பர்? அவ்வினாவை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளச் செய்வதால் சல்மாவின் நூல்கள் நம் வீட்டு அலமாரிக்கு உரியவை. முதலில் படிப்போம், மாறுபட வேண்டுமாயின் படித்த பின் மாறுபடுவோம்.