ராமனின் வெங்கச்சங்கல்

மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டில் கண்ணாடி மாதிரி மின்னுவது குவார்ட்ஸ். நம்மூர் வெங்கச்சங்கல்லும் அதேதான். 573 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் சிலிக்கான்-ஆக்சிஜன் கூடு நிமிர்ந்துகொள்ளும். 120 பாகை திருப்பினால் பொருந்திய அமைப்பு 60 பாகைக்கே பொருந்தும். ஆறும்போது இரண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அந்தச் சமச்சீரை உடைத்துக்கொள்ளும்.

இதைப் பற்றி பெங்களூரிலிருந்து சி.வி.ராமனும் நெடுங்காடியும் 1940இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். படித்து அசந்துபோனேன். திரவக் காற்றின் குளிரிலிருந்து உருமாற்றப் புள்ளி நெருங்கும்வரை சூடேற்றி, படிகம் சிதறடிக்கும் ஒளியின் நிறமாலையைப் பார்க்கிறார்கள். மற்ற வலுவான கோடுகள் தெளிவாகவே நிற்க, 220 அலையெண் கோடு மட்டும் மங்கி, அகன்று, மூலக் கோட்டை நோக்கிப் பரவுகிறது. அந்த அதிர்வைக் கட்டியிருக்கும் விசை தளர்கிறது, உருமாற்றத்தில் அதற்குத் தனிப் பங்கு உண்டு என்கிறார்கள். ஆயிரம் வரி லாகில் ஒரேயொரு வரியைப் பிடிக்கிற கண்!

ஆனா மென் அதிர்வுக் கொள்கையே ராமனுடையதுன்னு கொண்டாடினால் ஒத்துக்க மாட்டேன். அது கூர்மையான ஊகம், கோட்பாடு இல்லை. அதிர்வெண் பூஜ்யத்தை நோக்கி இறங்குவதை உருமாற்றத்தோடு கணக்காக இணைத்தவர்கள், 1960ஐ ஒட்டி, காக்ரனும் ஆண்டர்சனும். பின்னால் லேசர் வைத்துப் பார்த்தபோது, அந்தக் கோடு 147 அலையெண் பட்டையோடு பின்னிக் கிடப்பதும் தெரிந்தது. சுத்தமான உதாரணம் வேணும்னா 105 கெல்வினில் உருமாறும் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டுக்குத்தான் போகணும்.

எனக்கு உறுத்துவது வேற. படிகத்துக்கு எண்ணிச் சொல்லக்கூடிய சில அதிர்வெண்கள்தான் உண்டு என்று அதே 1940களில் மாக்ஸ் பார்னோடு மல்லுக்கட்டினார் ராமன். அதில் தப்பு ராமன் பக்கம்தான்.