விசயைக்குப் பிடித்திருந்ததா?

சீவக சிந்தாமணியில் நாமகள் இலம்பகம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். மயிற்பொறி வரும் இடம். இந்த ஆண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “மேம், அதுல பறந்தது அவங்களுக்குப் புடிச்சிருந்துதா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். மாலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறி, திருவாமாத்தூரில் இறங்கி, வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் இந்தக் காப்பியத்தை நடத்துகிறேன், இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தன். மனைவி விசயை மீது கொண்ட மோகத்தில் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிடுகிறான். விசயை கெட்ட கனவு காண்கிறாள். ஆபத்து வருவதை அறிந்த அரசன் கர்ப்பிணியான அவள் தப்பிப்பதற்காக மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கிறான். கட்டியங்காரன் படையோடு சூழ்ந்த நாளில் அவளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போரில் சாகிறான். எதிரியின் வெற்றி முரசு கேட்டு விசயை மயங்க, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். அதன்பின் காப்பியம் அவனுடையது.

திருத்தக்கதேவர் சமணத் துறவி. எங்கள் பக்கத்துக்கு இது அந்நியமான கதையல்ல. மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இருக்கிறது, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் நயினார் குடும்பங்கள் இருக்கின்றன. 1887இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு இதைப் பதிப்பித்தபோது, உரையில் புரியாத சமணச் செய்திகளைச் சமணர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத்தான் தெளிந்துகொண்டார். துறவி எழுதிய நூலில் சிருங்காரம் இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்கள் நிறைய. பறத்தலைப் பற்றி யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை.

அன்றிரவு அந்தப் பகுதியை மறுபடி எடுத்தேன். தேவர் பொறியைப் பற்றி வியக்கத்தக்க கவனத்தோடு எழுதியிருக்கிறார். துணி, நூல், பிசின், அரக்கு, மெழுகு என்று பொருள்களைச் சொல்கிறார். ஏழு நாளில் வேலை முடிகிறது. வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறும்; இடப்பக்கம் திருகினால் இறங்கி, காலைக் குவித்து உட்காரும். திருகுகிற விரல் விசயையுடையது. அரசன் சொல்லிக்கொடுக்க, மாடங்களுக்கும் சோலைகளுக்கும் மேலே சில நாள் மெல்ல மெல்ல ஓட்டிப் பழகுகிறாள். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் பயிற்சி எடுத்து விமானம் ஓட்டுகிறாள் என்று பத்தாம் நூற்றாண்டளவில் ஒருவர் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் மேலே போனபோது அவளுக்கு எப்படி இருந்தது, தன் மாடத்தையே முதன்முறை மேலிருந்து பார்த்தபோது என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு சொல் இல்லை. பொறியைப் பற்றிய கைநூல் இருக்கிறது, ஓட்டியவளின் நாட்குறிப்பு இல்லை.

என் அலமாரியில் பறத்தல் பற்றிய புத்தகங்கள் கொஞ்சம் உண்டு. அந்த மாணவியின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பறப்பதில் யாருக்கு ஆனந்தம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது?

போர்க்கால விமானிகளின் கவிதைகளில் ஆனந்தத்துக்குக் குறைவே இல்லை. எல்லாரும் மேற்கோள் காட்டுகிற ‘ஹை ஃபிளைட்’ 1941இல் எழுதப்பட்ட பதினான்கு வரிக் கவிதை. எழுதிய ஜான் கில்லெஸ்பி மெகீ, கனடா விமானப்படையில் சேர்ந்து இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய பையன். அதே ஆண்டு டிசம்பரில் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதிச் செத்தான். வயது 19. கவிதையில் போர் கிடையாது, குண்டு கிடையாது, கீழே யாரும் கிடையாது. அவனும் வானமும் கடைசியில் கடவுளும்தான். நல்ல கவிதையா என்று கேட்டால், பத்தொன்பது வயதின் மூச்சு அதில் இருக்கிறது என்பேன். அதற்குமேல் போகமாட்டேன். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்த அன்று, அமெரிக்க அதிபர் ரேகன் தன் உரையை இந்தக் கவிதையின் சொற்களால்தான் முடித்தார். இறந்தவர்களில் இரண்டு பெண்கள், அதில் ஒருவர் பள்ளி ஆசிரியை. அவர்களை வழியனுப்பவும் ஒரு பையனின் பரவசம்தான் கிடைத்தது.

இதன் அடியில் இன்னொரு கதை இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினுக்கு ஒரு வியாதி. மூக்கைச் சட்டென்று கீழே குத்திப் பாய்ந்தால் கார்புரேட்டரில் எரிபொருள் ஒழுங்கு குலைந்து எஞ்சின் திணறும், சில நேரம் நின்றே போகும். எதிரி ஜெர்மன் விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், எரிபொருள் போகும் வழியில் பொருத்த வாஷர் மாதிரி ஒரு சின்ன உலோகத் துண்டைச் செய்தார். 1941இல் விமானத்தளம் விமானத்தளமாகப் போய் அதைப் பொருத்திக் கொடுத்தார்கள். விமானிகள் நன்றி சொன்ன விதம், அந்தத் துண்டுக்கு அவர் பெயரைச் சேர்த்து ஆபாசமாக ஒரு பட்டப்பெயர் வைத்தது. பாய்ந்து எழுந்து பாடிய பையன்களின் கவிதைகள் தொகுதிகளில் இருக்கின்றன. வாஷரைப் பற்றி யாராவது கவிதை எழுதினார்களா?

வேக விமானப் புத்தகங்களுக்கு வந்தால், பெண் பெயர் இன்னும் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது: விமானத்தின் மூக்கில். 1947 அக்டோபர் 14இல் சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டிய எக்ஸ்-1 விமானத்தின் மேல் அவர் மனைவி கிளெனிஸின் பெயர் எழுதியிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானத்தின் பெயர் ‘எனோலா கே’. அது விமானியின் தாயார் பெயர். ஊர்கூடித் தேரில் அம்மனை ஏற்றுவதைப் போலப் பெண்ணைப் பெயராக ஏற்றிவிட்டால் போதும், ஆளாக ஏற்ற வேண்டியதில்லை. ஜாக்குலின் காக்ரன் 1953இல் ஒலியைத் தாண்டிய முதல் பெண் ஆனார். அவர் தானே ஓட்டினார்.

நம் வீட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். ‘அக்னிச் சிறகுகள்’ இல்லாத பள்ளி நூலகம் எங்கள் மாவட்டத்தில் இருக்காது. பேச்சுப் போட்டி என்றாலே பரிசு அதுதான். பறக்க ஆசைப்பட்டுப் பறக்க முடியாமல் போனவரின் நூல் அது. விமானப்படைத் தேர்வில் எட்டு இடம், கலாம் ஒன்பதாவது. அந்தத் தோல்வியைப் பலரும் மேடையில் சொல்கிறார்கள். யாரும் சொல்லாத இடம் ஒன்று உண்டு. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அவர் அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுக்கிறார். தன் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பேன் என்று தம்பி உறுதி எடுக்கிறார். கலாமைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அவர் எழுதினார், எழுதாதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சில வரிகளில் கதை ராக்கெட்டுக்குப் போய்விடுகிறது. நான் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். நான் பிளஸ் டூ படிக்கும்போது என் காதுத் தோடு விழுப்புரத்தில் ஒரு அடகுக்கடைக்குப் போனது, அண்ணன் இஞ்சினியரிங் சேர. வேப்பங்குச்சி செருகிக்கொண்டு தேர்வு எழுதினேன். அண்ணன் நல்லவர், இன்றும் என்னிடம் பிரியமாக இருக்கிறார். தோட்டைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. எனக்கு எந்தப் படிப்பு வேண்டும் என்ற பேச்சும் அப்போது வரவில்லை.

எங்கள் ஊருக்குக் கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடக்காது. கால் இல்லாதவரைக் கண் இல்லாதவர் தோளில் சுமந்தார், வெண்பாவில் பாதி ஒருவர் பாதி இன்னொருவர் என்று கதை. கதை எந்த அளவு உண்மையோ, சுமந்தவரும் புலவர் என்று பெயர் வாங்கியிருக்கிறார். பறத்தல் நூல்களில் சுமந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

இப்போது மறுபடி தமிழ்க் காப்பியங்கள். சீதை வானில் போகிறாள்: முதலில் இராவணன் தூக்கிக்கொண்டு போகிறான், பிறகு போர்க்களத்தில் விழுந்து கிடக்கும் இராமனைக் காட்டப் புட்பகத்தில் ஏற்றுகிறார்கள், கடைசியில் அயோத்திக்குத் திரும்ப. மூன்று தடவையும் பயணி. கண்ணகி எல்லாம் முடிந்தபின் கணவனோடு விமானம் ஏறுகிறாள். மணிமேகலை வேறு மாதிரி. தெய்வம் கொடுத்த மந்திரத்தால் தானே வான்வழி செல்கிறாள். மணிபல்லவத்திலிருந்து புகாருக்கு, பிறகு சாவக நாட்டுக்கு, வஞ்சிக்கு, பஞ்சத்தில் கிடக்கும் காஞ்சிக்கு. யார் அனுமதியும் கேட்பதில்லை. எனக்கு மிகப் பிடித்த பறக்கும் பெண் அவள். ஆனால் அவளுடைய பறத்தலும் அறத்துக்கானது, பசித்தவருக்குச் சோறு போட. காரணமில்லாமல் அவள் ஒரு தடவைகூட மேலே போவதில்லை.

காரணமில்லாமல் போனவள் ஒருத்தி அதே நூலில் இருக்கிறாள். காயசண்டிகை. வடக்கே விஞ்சையர் நாட்டிலிருந்து கணவனோடு பொதியில் மலையைச் சுற்றிப் பார்க்க வந்தவள். ஒரு முனிவன் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவல் பழத்தைத் தேக்கிலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான். இவள் அதைக் காலால் மிதித்துவிடுகிறாள். செருக்கோடு நடந்தேன் என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கிறார் சாத்தனார். சாபம்: வானில் செல்லும் மந்திரம் மறந்துபோகும், பன்னிரண்டு ஆண்டு தீராத பசி. மணிமேகலை கையால் சோறு வாங்கி உண்டு பசி தீர்ந்து மறுபடி பறக்கிறாள். விந்திய மலையைச் சுற்றிப் போகாமல் மேலே பறந்துவிட்டாளாம். அந்த மலையைக் காக்கும் விந்தா கடிகை அவளை இழுத்து விழுங்கிவிடுகிறாள். மெகீயின் கவிதையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அவன் செருக்கோடு எல்லையைத் தாண்டிக் கடவுள் வரை போகிறான், உலகம் மனப்பாடம் செய்கிறது. இவளும் எல்லையைத்தான் தாண்டினாள்.

அமீலியா இயர்ஹார்ட்டின் நூல்தலைப்பு இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. 1928இல் அட்லாண்டிக்கைத் தாண்டியபோது அவர் வெறும் பயணி. மூட்டையைப் போல ஏற்றிவரப்பட்டதாக அவரே சொன்னார். அந்தப் பயணம் பற்றிய நூலுக்குப் பறந்த நேரத்தையே தலைப்பாக வைத்தார்: ‘20 மணி 40 நிமிடம்’. 1932இல் தனியாக அதே கடலைத் தாண்டினார். அந்த ஆண்டு வந்த நூலின் தலைப்பு ‘தி ஃபன் ஆஃப் இட்’. அதாவது, ஜாலிக்காக. நாட்டுக்காக அல்ல, குடும்பத்துக்காக அல்ல, பெண்ணினத்தின் பெருமைக்காகக்கூட அல்ல. நூலில் மற்றப் பெண் விமானிகளுக்கும் இடம் கொடுக்கிறார். நடை சாதாரணம்தான், அந்தத் தலைப்புக்காகவே அதை மாணவிகளிடம் கொடுக்கிறேன்.

நடையில் என்னைக் கட்டிப்போட்டது பெரில் மார்க்கமின் ‘வெஸ்ட் வித் தி நைட்’. கென்யாவில் வளர்ந்தவர், 1936இல் இங்கிலாந்திலிருந்து மேற்கு நோக்கித் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டி நோவா ஸ்கோஷியாவின் சதுப்பில் விழுந்து பிழைத்தவர். நூல் 1942இல் வந்து மறக்கப்பட்டு, 1983இல் மறுபதிப்பு வந்தபோது கொண்டாடப்பட்டது. உடனே ஒரு சந்தேகமும் கிளம்பியது: இவ்வளவு அழகாக இவர் எழுதியிருக்க முடியுமா, எழுத்தாளரான கணவர் எழுதினாரா? அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கணவர் உதவியிருக்கலாம். ஸான்-தெக்ஸ்யுபெரியின் நூலை அவர் மனைவி எழுதியிருப்பாரோ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடலைத் தாண்டியதை நம்புகிறார்கள், வாக்கியத்தை நம்ப மறுக்கிறார்கள்.

காலனியக் கென்யாவில் வானம் வெள்ளைக்காரருக்குத்தான் திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே மார்க்கமைப் படிக்க வேண்டும். மார்கோ லீ ஷெட்டர்லியின் ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ (2016) அதற்குத் துணை. மேரி ஜாக்சன் ஒலியைவிட வேகமாகக் காற்றுப் பாயும் சோதனைக் குகையில் வேலை பார்த்தார். பொறியாளர் ஆவதற்கான பாடங்கள் வெள்ளையர் பள்ளியில் நடந்ததால், அங்கே போய் உட்கார அவர் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர். இந்தக் கதையைச் சொன்னால் எங்கள் பெண்களுக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

1936இல் புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தை ஓட்டிய சரளா தக்ராலின் புகைப்படம் எல்லாப் பெண்கள் தினத்திலும் வருகிறது. சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம் கணவரோடு சேர்ந்து விமானம் ஓட்டியவர். ஊர் அவர்களை புளூ கிராஸ் தொடங்கியவர்களாகவே நினைவில் வைத்திருக்கிறது. இந்த இருவர் கையாலும் எழுதிய ஒரு நூல் என் அலமாரியில் இல்லை. இருந்தால் முதலில் அதைத்தான் மாணவியிடம் நீட்டியிருப்பேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம், தேவர் அதைச் சொல்லவில்லை என்றேன். “அப்ப நாமளே யோசிச்சுக்கலாமா மேம்?” என்றாள். பயிற்சி எடுத்த அந்தச் சில நாளை மட்டும் படிக்கச் சொன்னேன். கட்டியங்காரன் இன்னும் வரவில்லை, அரசன் உயிரோடு இருக்கிறான், கீழே மாடமும் சோலையும். மெல்ல மெல்ல ஓட்டினாள் என்கிற இடத்தில் அவள் நிறுத்தினாள். “பயந்துகிட்டு ஓட்டினா இப்படி எழுத மாட்டாங்க மேம்.”

தேர்வில் இந்தப் பகுதியிலிருந்து வழக்கமாகக் கேட்கப்படுவது சுடுகாட்டில் விசயையின் புலம்பல், பத்து மதிப்பெண். இந்த முறை கல்லூரி உள்தேர்வுக்கு வினாத்தாள் நான் எடுத்தேன். பயிற்சி நாளில் மயிலிலிருந்து இறங்கிய விசயை தோழியிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு கேள்வி வைத்தேன். விடைத்தாள்கள் வந்திருக்கின்றன. ஒருத்தி, “தோழி, நம் வீட்டுக் கூரையில் ஓடு மூன்று உடைந்திருக்கிறது” என்று தொடங்கியிருக்கிறாள்.