விகடகவியும் ஜாவாஸ்கிரிப்டும்: தொடக்கநிலை நிரலாக்கப் பாடங்களில் ‘எழுத்து’ என்னும் கருத்தாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இணையப் பக்கங்களை இயங்கச் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் புதிதாகக் கற்போருக்கான பாடங்கள் ‘சரம்’ என்பதை எழுத்துகளின் தொடர் என்று அறிமுகப்படுத்துகின்றன. இவ்வரையறை ஆங்கிலச் சொற்களுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. தமிழ்ச் சொற்களுக்குப் பொருந்துவதில்லை. இப்பொருத்தமின்மையின் காரணத்தையும், தமிழ் பயிலும் மாணவர் நிரலாக்கத்திற்குள் நுழையும்போது அது உண்டாக்கும் பிழைகளையும் தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜாவாஸ்கிரிப்ட், சரம், எழுத்து, மாத்திரை, மாலைமாற்று, யூனிகோடு, சொல்லடைவு.

முன்னுரை

தமிழ்நாட்டில் மேல்நிலை முதலாம் ஆண்டின் கணினிப் பயன்பாடுகள் பாடத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் இடம்பெற்றுள்ளது. கணினித் துறையினர்க்கு மட்டும் உரியதாக இருந்த இக்கல்வி இன்று தமிழ்த்துறை ஆய்வாளர்களுக்கும் தேவையாகிவிட்டது. சொல்லடைவு உருவாக்கவும், பாட வேறுபாடுகளை ஒப்பிடவும், யாப்பமைதியைச் சோதிக்கவும் சிறு நிரல்களைத் தாமே எழுதிக்கொள்ள விழைவோர் பலர். உலாவியும் ஒரு குறிப்பேட்டுச் செயலியும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்பதால் அவர்களில் கணிசமானோர் முதலில் கைக்கொள்வது ஜாவாஸ்கிரிப்டையே.

இம்மொழி 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் ஏறத்தாழப் பத்து நாள்களில் முதல் வடிவம் பெற்றது. 1997இல் எக்மா அமைப்பு இதனைத் தரப்படுத்தியது. அத்தர ஆவணத்தின்படி சரம் என்பது 16 பிட் எண்களின் வரிசை; அதன் நீளம் அவ்வெண்களின் எண்ணிக்கை. ‘எழுத்து’ என்ற கருத்து அவ்வரையறையில் இல்லை. ஆவணம் ‘அலகு’ என்று எச்சரிக்கையாகச் சொன்னதைத் தொடக்கநிலைப் பாடங்கள் எளிமை கருதி ‘எழுத்து’ என்று மாற்றிச் சொல்கின்றன. சிக்கல் இம்மாற்றத்தில்தான் பிறக்கிறது.

விகடகவி என்னும் சோதனை

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் சொல்லைக் கண்டறிதல் நிரலாக்கம் கற்போர்க்குத் தரப்படும் வழக்கமான பயிற்சிகளுள் ஒன்று. தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. சித்திரகவி வகைகளுள் ஒன்றாகிய மாலைமாற்று இதுவே. சீர்காழியைப் பாடிய சம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. பள்ளிச் சிறுவருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு ‘விகடகவி’.

பாடங்கள் கற்பிக்கும் வழி எளியது: சொல்லை உறுப்புறுப்பாகப் பிரித்து, வரிசையைத் திருப்பி, மீண்டும் இணைத்து, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ‘விகடகவி’யை இவ்வாறு சோதிக்கும் மாணவருக்கு உலாவி ‘பொய்’ என விடை தருகிறது. காரணம், அச்சொல்லில் தமிழ் இலக்கணம் காணும் எழுத்துகள் ஐந்து. ஜாவாஸ்கிரிப்ட் காணும் அலகுகள் ஏழு. வகரமும் இகரக் குறியும் தனித்தனி அலகுகள். வரிசை திரும்பும்போது இறுதியில் இருந்த இகரக் குறி சார்ந்து நிற்க எழுத்தின்றி முதலில் வந்து நிற்கிறது. முதலில் இருந்த இகரக் குறி ககரத்தோடு சேர்ந்து ‘கி’ ஆகிறது. திரையில் தோன்றுவது புள்ளிவட்டம் ஒன்றைச் சுமந்த பொருளற்ற தொடர்.

இங்குக் கருதத்தக்கது பிழையைவிட அதன் அமைதி. இலக்கணம் பிழைத்த நிரலை எழுதினால் உலாவியின் பணியகத்தில் சிவப்பு நிறத்தில் பிழைச்செய்தி தோன்றும். இங்கு அத்தகைய செய்தி எதுவும் இல்லை; நிரல் முறைப்படி இயங்கித் தவறான விடையைத் தருகிறது. தமிழ் இலக்கணிகள் வழுவையும் வழுவமைதியையும் பிரித்தனர். பசுவைத் தாயாகக் கருதி உயர்திணையாற் கூறுவது உவப்பு என்னும் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்பட்டது. ஜாவாஸ்கிரிப்டும் பலவற்றை அமைத்துக்கொள்ளும் மொழியே: 5 என்னும் சரத்தோடு 3 என்னும் எண்ணைக் கூட்டச் சொன்னால் மறுக்காமல் 53 என்று தரும். ஆனால் அவ்வமைதிக்குப் பின்னால் கூறுவோனின் நோக்கம் பற்றிய அறிவு எதுவும் இல்லை.

நீளம் எத்தனை?

‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கிறது: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. எழுத்தெண்ணிக்கை 3. ஒற்று நீக்கி எண்ணும் யாப்பு வழக்கில் 2. மாத்திரைக் கணக்கில் இரண்டரை. தமிழ் மரபில் இவற்றுள் ஒன்றும் பிழையன்று. அபிராமி அந்தாதி அமைந்துள்ள கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கலாக 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வரவேண்டும். அவ்வெண்ணிக்கையைச் சரிபார்க்கும் நிரலுக்கு 5 மட்டுமன்றி 3 என்னும் விடையும் பயன்படாது. எதற்காக எண்ணுகிறோம் என்று கேட்டபின்பே எண்ணத் தொடங்குவது இலக்கண மரபின் வழி. ‘நீளம்’ என்று ஒரு பண்பை முதல் வாரத்திலேயே கேள்விக்கு இடமின்றிக் கற்பிப்பது பாடங்களின் வழி.

இன்னும் நுட்பமான முரண் ஒன்று உண்டு. அரை மாத்திரை பெறும் ‘க்’ ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு அலகு; ஒரு மாத்திரை பெறும் ‘க’ ஓர் அலகு. தொல்காப்பியத்தின்படி மெய் இயல்பாகவே புள்ளி பெற்று நிற்பது. உயிர் ஏறும்போது புள்ளி நீங்குகிறது. 1991இல் வெளிவந்த யூனிகோடு, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைத் தழுவி, அகரம் ஏறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டது. மெய்யை அதன்மேல் புள்ளியிட்டுப் பெறுகிறது. இலக்கணத்தில் எளியது கணினியில் கூட்டுப்பொருளாகிவிட்டது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியேற்றம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் எழுந்த கோரிக்கையின் வேர் இதுவே. எனினும் உலாவிகள் அறிந்தது யூனிகோடு மட்டுமே. கற்போர் அதனோடுதான் வாழவேண்டும். (முந்திரி முதலிய பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு அலகு பெறும். மிகச் சிறிய பின்னத்திற்கு எழுத்தினும் பெரிய நீளம்!)

ஆய்வில் நேரும் இழப்பு

விகடகவிச் சோதனை தவறினால் மாணவர் திகைப்பார். திகைப்பு நல்லது, அது காரணத்தைத் தேடவைக்கும். திகைப்பே தோன்றாத இடங்கள்தாம் ஆய்வுக்கு ஊறு செய்பவை. ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு அலகிலும் எழுதலாம்; ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று அலகிலும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றே. ஆனால் === என்னும் ஒப்பீட்டுக்குறி அவற்றை வேறுவேறு என்கிறது. பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இரண்டாம் வடிவம் கலந்திருக்கக்கூடும். அக்கோப்பில் ‘கொடை’ எத்தனை இடங்களில் வருகிறது என்று தேடும் ஆய்வாளர் குறைந்த எண்ணிக்கையைப் பெறுவார். அதையே அட்டவணையிலும் இடுவார். 2015ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் மொழியில் உள்ள ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறு இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டெழுதி வைத்திருந்தால் அதுவும் உதவாது. கண்ணால் பார்த்துத் திருத்துவதே வழி.

அகரவரிசையிலும் இதே நிலைதான். ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான வரிசைப்படுத்தல் ‘மரம்’ என்பதற்கு முன் ‘மனம்’ என்பதையும், ‘கவி’ என்பதற்கு முன் ‘கறி’ என்பதையும் வைக்கும். றகர னகரங்கள் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்பவை. யூனிகோடு அட்டவணையிலோ னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் உள்ளன. தமிழுக்குரிய மொழிக்குறியைத் தந்து ஒப்பிடும் வசதி மொழியிலேயே இருக்கிறது. தொடக்கநிலைப் பாடங்கள் அதனை ‘பன்மொழி வசதிகள்’ என்னும் பிற்பகுதிக்குத் தள்ளிவிடுகின்றன. அப்பகுதியை எட்டுமுன்பே பலரின் கற்றல் நின்றுவிடுகிறது.

‘இவை சிக்கலான எழுத்துமுறைகள், தொடக்கத்திலேயே பேசினால் கற்போர் மருள்வர்’ என்பது பாடம் எழுதுவோர் தரப்பில் சொல்லக்கூடிய விடை. அதில் ஓரளவு நியாயம் உண்டு. மாறி, நிபந்தனை, மடக்கு ஆகியவற்றோடு குறியேற்ற வரலாற்றையும் முதல் நாளே சுமத்த இயலாது. ஆனால் கேட்கப்படுவது அத்தனை பெரிய சுமையன்று. சரத்தை ‘அலகுகளின் தொடர்’ என்று கூறிவிட்டு, எழுத்துவாரியாகப் பிரிக்கும் ‘செக்மென்டர்’ என்னும் கருவியைப் பிரித்தல் பயிற்சியின்போதே காட்டினால் போதும். 2024 முதல் முதன்மை உலாவிகள் அனைத்திலும் அது உள்ளது. அதன்வழிப் பிரித்துத் திருப்பினால் ‘விகடகவி’ விகடகவியாகவே திரும்புகிறது. மூன்று அல்லது நான்கு வரி கூடுதல், அவ்வளவே. தமிழ்ச் சொல்லைத் தந்து தவறான விடை பெறும் மாணவர் குறை தம் மொழியில் இருப்பதாகவே முதலில் எண்ணுவார். அவ்வெண்ணத்தை ஒரு சொல்லின் தேர்வால் தவிர்க்க முடியும்.

செக்மென்டரும் இறுதி விடையன்று. ‘க்ஷ’வை அது ‘க்’ என்றும் ‘ஷ’ என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. மெய்ம்மயக்க நோக்கில் அது சரி; ஆனால் பள்ளி அரிச்சுவடி அதனை ஓர் எழுத்தாகவே காட்டுகிறது. ‘லக்ஷ்மி’ என்ற சொல்லின் எழுத்துகளை எண்ணப் புகும் மாணவர், நிரலின் முதல் வரியை எழுதுமுன் தாம் எக்கணக்கைப் பின்பற்றுகிறார் என்பதைத் தாமே முடிவு செய்யவேண்டியிருக்கும்.