விருதுகளும் விமர்சனமும்

விருது என்பது அடிப்படையில் ஒரு விமர்சனத் தீர்ப்பாகும். ஓராண்டில் வெளிவந்த படைப்புக்களுள் இதுவே சிறந்தது என்று கூறுபவர், ஏனையவை அச்சிறப்பினைப் பெறாமைக்கும் காரணம் கூறக் கடமைப்பட்டவராகிறார். தமிழ்த் திரையுலகில் விருது விழாக்கள் மிகுந்துவிட்டனவா என்னும் வினாவை இவ்வடிப்படையிலேயே நோக்குதல் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் கொண்டு விடை கூறுவது எளிது. ஆயின் அது போதியதன்று.

விருது தன் கடமையைச் செவ்வனே ஆற்றிய சந்தர்ப்பங்கள் உள. 1964இல் நடைபெற்ற முதலாவது சரசவிய விழாவில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' சிறந்த படமாகத் தெரிவு செய்யப்பட்டது. தென்னிந்திய வாய்பாட்டினின்றும் விலகி நின்ற ஒரு படைப்பைத் தேர்ந்ததன் மூலம் அவ்விருது ரசனைக்கு ஒரு திசையைக் காட்டியது. 2015இல் அறிவிக்கப்பட்ட இந்தியத் தேசிய விருதுகளில் 'காக்கா முட்டை'யில் நடித்த இரு சிறுவர் சிறந்த குழந்தை நட்சத்திரங்களாயினர். சேரிப் பிள்ளைகளின் வாழ்வைச் சித்திரித்த ஒரு சிறிய படத்தின்பால் நாட்டின் கவனம் திரும்பிற்று.

ஆனால் இன்றைய விழாக்களிற் பல இப்பண்பினை இழந்து நிற்கின்றன. 1929இல் நடந்த முதலாவது ஒஸ்கார் வழங்கல் ஏறத்தாழப் பதினைந்து நிமிடங்களில் நிறைவெய்தியது. இன்றோ விழாவே விற்பனைப் பண்டமாகிவிட்டது. விளம்பரதாரர் வேண்டும், விளம்பரதாரருக்குப் பார்வையாளர் வேண்டும், பார்வையாளருக்கு நட்சத்திரங்கள் வேண்டும். வந்த நட்சத்திரத்தை வெறுங்கையுடன் அனுப்புதல் இயலாது. எனவே பிரிவுகள் பெருகுகின்றன. 2007இல் தொடங்கிய விஜய் விருதுகளில் சிறந்த நடிகர் ஒருவரும், மக்களின் அபிமான நடிகர் வேறொருவருமாக இரு முடிகள் சூட்டப்பட்டன. 2012இல் 'சைமா' விழா டுபாயில் ஆரம்பமாயிற்று. யாவருக்கும் பரிசு எனும்போது தீர்ப்பு மறைந்துவிடுகின்றது.

அரசு விருதுகளின் குறை வேறு வகையினது. தமிழ்நாடு அரசு 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டுகளின் திரைப்பட விருதுகளை 2017இல் அறிவித்து, 2022இலேயே வழங்கியது. தாமதித்த தீர்ப்பு வரலாற்றுக் குறிப்பாகலாம், ரசிகனுக்கு வழிகாட்டியாகாது.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இதனால் யாது என வினவலாம். லயக் கூரைகளில் டிஷ் ஏறிய பின்னர், இவ்விழாக்கள் எமது ஞாயிறு மாலைகளையும் பிடித்துக்கொண்டன. றப்பர்ப் பால் வெட்டி மீண்டவர்கள் யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்துவதைப் பார்த்திருக்கின்றனர். அதே மக்கள் தம்மிடையே கடுமையான விமர்சன மரபொன்றைப் பேணி வந்தவர்களாவர். மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதி வேடம் புனைந்த இளைஞனுக்கு அன்பளிப்புக் கிடைக்கும்; கொடுத்தவர் பெயரும் சபையில் உரத்துக் கூறப்படும். ஆயினும் மறுநாட் காலை பிரட்டுக்களத்திலே, ஒப்பாரியிற் சுருதி விலகிய இடத்தை ஒரு முதியவர் சுட்டிக்காட்டாமல் விடமாட்டார். எமது தோட்டத்தில் அவ்விளைஞன் அடுத்த ஆண்டு திருந்திப் பாடியதை யான் கேட்டிருக்கிறேன். பாராட்டும் கண்டனமும் ஒரே வாயினின்று வந்தமையாலேயே இரண்டுக்கும் மதிப்பிருந்தது.

ஆகவே விழாக்கள் மிகையே. எனினும் நோய் அதுவன்று, அதன் அறிகுறியே. விமர்சனம் தளர்ந்த இடத்தை விருது நிரப்புகின்றது. நடுவர் தம் தெரிவுக்கான காரணங்களை எழுத்தில் வெளியிடல் வேண்டும். தகுதியான படைப்பு இல்லாத ஆண்டில் விருதை நிறுத்திவைக்கும் துணிவும் வேண்டும். இவ்விரண்டும் இருப்பின் விழாக்கள் தாமாகவே குறையும். ஆண்டுதோறும் கேடயங்கள் வழங்கும் எமது மாணவர் மன்றங்களும் இவ்வளவுகோலுக்கு விலக்கானவையல்ல. போட்டி நாடகமொன்றுக்கு நாம் கொடுக்கும் கேடயத்தினும், அது பற்றி எழுதப்படும் நேர்மையான ஒரு பக்கம் அந்நாடகக்காரருக்கு நெடுநாள் பயன்படும்.