இத்துப்போன மூடியும் தப்பான கேள்வியும்

"என்ன மெட்டீரியல் போடலாம்?" இந்தக் கேள்வியோடுதான் இந்தத் தடைக்காலம் எங்க வீட்டில் ஆரம்பிச்சது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இன்ஜின் இறக்குவது, பெயிண்ட் அடிப்பது, ஓட்டை அடைப்பது எல்லாம் இந்த நாட்களுக்குள் முடியணும். என் மச்சானுக்கு 32 அடியில் ஒரு ஃபைபர் போட் இருக்கு. அதன் தளத்தில் மூணு மூடிகள், அதாவது ஹேட்ச். முன்னால் அணியத்தில் கயிறும் வலையும் வைக்கும் அறைக்கு ஒண்ணு, நடுவில் ஐஸ் பெட்டிக்கு ஒண்ணு, பின்னால் இன்ஜினுக்கு ஒண்ணு. மூணையும் கழற்றி ஒரு குட்டி யானையில் ஏத்தி மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டு வந்துட்டார். துறைமுகம் தேங்காய்த்திட்டில் இருந்தாலும், பிளைவுட்டும் அலுமினியமும் ஃபைபரும் விசாரிக்க இந்தத் தொழிற்பேட்டைப் பக்கம்தான் வரணும். நான் இருப்பதும் இங்கதான். மூடிகள் ஒரு வாரம் எங்க திண்ணையில் கிடந்தன.

அந்த ஒரு வாரத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. அந்த யோசனைகளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. எனக்குப் படகு கட்டத் தெரியாது. ஆனா சொன்னவங்கள்ல ஒருத்தர்கூட பழைய மூடியைத் திருப்பிப் போட்டு அடியைப் பார்க்கவே இல்லை.

ஐஸ் பெட்டி மூடியை ஆக்சா பிளேடால் குறுக்கே அறுத்தோம். மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் 12 மி.மீ. பிளைவுட். மேல் தோல் நல்லாவே இருந்தது. வெயிலில் ஜெல்கோட் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே பிளைவுட் கைபட்டாலே உதிர்ற அளவுக்கு இத்துப்போயிருந்தது. ஆனா முழுசும் இல்லை. கீல் போல்ட் போன நாலு ஓட்டையைச் சுற்றியும், கீழ் விளிம்பு நெடுகவும்தான். மேல்பக்க நடுப்பகுதி, ஆள் ஏறி நின்னு வலை இழுக்கும் இடம், இன்னும் மரமாகவே இருந்தது. அதாவது தேய்ஞ்ச இடம் கெடலை. ஓட்டை போட்ட இடம் கெட்டிருக்கு.

"கடல் தண்ணி அரிச்சிடுச்சு" என்றார் மச்சான். இல்லை. மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. அதுக்கு வேண்டியது நல்ல தண்ணீரும் கொஞ்சம் காற்றும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தா அது வளராது; அதுக்கு மேலேயே நாள்கணக்கில் நின்னா வேலையைக் காட்டிடும். ஐஸ் பெட்டியின் மூடிக்கு அடியில் என்ன நடக்குது? ஐஸ் உருகுது. உள்ளே குளிர், வெளியே புதுச்சேரி வெயில். கீழ்ப்பக்கம் வியர்த்துக்கிட்டே இருக்கும், அந்தத் துளி அத்தனையும் நல்ல தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழை வேற மேலேருந்து போல்ட் ஓட்டை வழியா இறங்குது. கடலுக்குப் பயந்து செஞ்ச மூடியைக் கெடுத்தது ஐஸும் மழையும்தான். இதைப் பார்க்காம "என்ன மெட்டீரியல்" என்று கேட்டா, எந்த மெட்டீரியலும் இதே இடத்தில்தான் தோற்கும்.

முதல் யோசனை பிளைவுட் கடையிலிருந்து. "மரைன் பிளை போடுங்க சார், 710. எழுபத்திரண்டு மணி நேரம் கொதிக்க வெச்சாலும் பிரியாது." பொய்யில்லை. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம். சாதாரணப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கு உள்ள ஐ.எஸ். 303-ஐ விடக் கடுமையானது. ஆனா அந்தக் கொதிநீர்ச் சோதனை பசைக்கு வைக்கிற பரிட்சை. அடுக்குகள் பிரியாது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். மரத்துக்கு மருந்து ஏத்தணும் என்றும் அதே தரம் சொல்லுது. என்றாலும் நாம அறுக்கிற ஒவ்வொரு விளிம்பும், துளைக்கிற ஒவ்வொரு ஓட்டையும் புதுசா திறந்த வாய். முத்திரை பலகையின் முகத்தில் இருக்கு, தண்ணி நுழையறது விளிம்பில். இந்தக் கடைகளில் 710 பெரும்பாலும் சமையலறை அலமாரிக்குத்தான் விக்குது. அலமாரிக்கு விளிம்பில் டேப் ஒட்டினா போதும். படகு மூடிக்கு அது போதுமா என்று கடைக்காரர் ஏன் யோசிக்கப் போறார்?

ரெண்டாவது யோசனை ஃபைபர் பட்டறையின் வேதவாக்கு: "மேலே ரெண்டு மேட் போட்டுப் போர்த்திட்டா லைஃப் லாங் சார்." கெட்டுப்போன மூடியும் இப்படிப் போர்த்தினதுதான், ஆறு வருஷம் முன்னாடி, ஏதோ ஒரு பட்டறையில். பாலியெஸ்டர் ரெசினுக்கும் மரத்துக்கும் அவ்வளவு ஒட்டுறவு கிடையாது. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். ரெசின் விறைச்சுக்கிட்டு நிக்கும். மரம் கொஞ்சம் ஈரமா இருக்கும்போதே போர்த்தினா கதை இன்னும் மோசம், உள்ளே போன தண்ணி வெளியே வர வழி இருக்காது. ஃபைபர் அழுகாது என்பது உண்மை. ஃபைபருக்குள்ள அடைபட்ட மரம், வெட்டவெளியில் கிடக்கும் மரத்தைவிடச் சீக்கிரம் அழுகும் என்பதும் உண்மை. எப்பாக்ஸி மரத்தோட நல்லா பிடிக்கும், ஆனா விலை கூட. ஒரு மூடியின் விளிம்புக்கும் ஓட்டைகளுக்கும் மட்டும் எப்பாக்ஸி வாங்கினா அது பெரிய செலவில்லை. இதைச் சொன்னதும் பட்டறை அண்ணன் சிரிச்சார். "விளிம்புக்கு மட்டும்னு யாரு சார் கேக்கிறாங்க?"

அப்படின்னா மரத்தையே விட்டுடலாமே? நானும் அப்படித்தான் நெனைச்சேன். ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டதும் அந்த நினைப்பு போச்சு.

மூடிக்கு வேண்டியது விறைப்பு. மிதிச்சா தொய்யக் கூடாது; தொய்ஞ்சா விளிம்பு தூக்கிக்கும், ரப்பர் பீடிங் விலகும், தண்ணி உள்ளே போகும். ஒரு தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். கனம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு. இதை வெச்சு, 12 மி.மீ. பிளைவுட்டுக்குச் சமமான விறைப்பு வேணும்னா மத்தது எவ்வளவு கனம் வேணும் என்று பார்த்தேன். அலுமினியம் 6 மி.மீ. கிட்ட. மேட் போட்ட திட ஃபைபர் 13 மி.மீ. இப்போ பலரும் பேசுற எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பலகை 24 மி.மீ. எங்க ஐஸ் மூடி 90 செ.மீ.க்கு 70 செ.மீ. அந்த அளவுக்கு எடை: பிளைவுட் 5 கிலோ, அலுமினியம் 10, திட ஃபைபர் 12, பிளாஸ்டிக் 14 கிலோவுக்கு மேல். எல்லாம் சுமாரான கணக்குதான், ரெசின் விகிதம், மர வகைக்கு ஏத்தபடி கூடும் குறையும். ஆனா வரிசை மாறாது. எல்லாரும் திட்டித் தீர்க்கிற பிளைவுட்தான் இருக்கிறதிலேயே லேசு.

எடை ஏன் முக்கியம்னா, அந்த மூடியைத் திறக்கிறவன் ஒரு கையால்தான் திறக்கிறான். இன்னொரு கையில் மீன் கூடை, இல்லைன்னா பிடிமானம். படகு ஆடும்போது 14 கிலோ மூடி விரல் மேல விழுந்தா என்ன ஆகும் என்று மச்சானிடம் கேட்க வேண்டியதில்லை, அவர் இடது மோதிர விரலைப் பார்த்தாலே போதும். கனமான மூடிக்கு இன்னொரு கெட்ட குணம்: அவசரத்தில் யாரும் மூட மாட்டாங்க.

பிளாஸ்டிக் பலகைக்கு வேற கேடும் உண்டு. அழுகாது, பெயிண்ட் வேண்டாம், மீன் வாடை ஏறாது, எல்லாம் சரி. ஆனா எந்தப் பசையும் அதில் பிடிக்காது, அதனால கீலுக்கு போல்ட்தான் கதி. வெயிலில் அது நீளுகிற அளவு சாதாரணமில்லை. விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைங்க, ஒரு மீட்டர் பலகை 4, 5 மி.மீ. நீளும். அலுமினியம் அதே சூட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. காலையில் அளவா உட்கார்ற மூடி மத்தியானம் சிக்கிக்கும். இன்ஜின் மேல போடுறதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், சூட்டில் இளகி வளைஞ்சிடும்.

வெளிநாட்டு யாட் வீடியோக்களின் யோசனை தனி ரகம். தேக்கு, எப்பாக்ஸி, வெளிச்சம் வர அக்ரிலிக் கண்ணாடி. பார்க்க அழகு. அந்த மூடி மேல யாரும் ஈயக்குண்டு கோத்த வலையைப் போட்டு இழுக்கிறதில்லை. நம்ம படகில் மூடி என்பது கதவு இல்லை. அதுதான் தரை, அதுதான் வேலை மேஜை, சோறு திங்கிற இடமும் அதுதான். தளமே இல்லாத கட்டுமரத்துக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது, கட்டைகளுக்கு நடுவால வந்த தண்ணி அதே வழியில் போயிடும். 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. அதிலிருந்து பெரிசாகி, தளம் போட்டு, பெட்டி வெச்சதும்தான் மூடியும் வந்தது. மூடி பற்றிய கைப்பழக்கம் இன்னும் நம்ம ஆட்களுக்கு முழுசா வரலை என்பது என் அபிப்பிராயம். மச்சான் இதை ஒத்துக்கலை.

நான் ரொம்ப அலட்டிக்கிறேன்னு தோணலாம். 1980 செப்டம்பரில் 'டெர்பிஷயர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் ஜப்பானுக்குத் தெற்கே புயலில் மூழ்கி 44 பேர் செத்தாங்க. இரும்புத்தாது ஏத்தின ராட்சசக் கப்பல். 1994-இல் கடலடியில் சிதைவைக் கண்டுபிடிச்சாங்க. 2000-இல் முடிஞ்ச மறுவிசாரணை சொன்ன முக்கியக் காரணம், முன்பக்க மூடி அலையின் பாரம் தாங்காமல் உடைஞ்சது. அது அந்தக் கால விதிப்படி செஞ்ச மூடிதான். பெரிய கப்பல்களுக்கு 1966-இல் வந்த சுமைக்கோடு உடன்படிக்கை, அலை விழும் முன்தளத்தில் மூடித் துளையைச் சுற்றி 600 மி.மீ. உயரத்துக்கு வரப்பு எழுப்பணும் என்று சொல்லுது. மீன்பிடிக் கப்பல்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. எங்க மச்சான் படகில் அந்த வரப்பு நாலு விரல்கடை உயரம். முகத்துவாரத்தில் அலை உடைஞ்சு தளத்தில் ஏறும்போது, தண்ணியைத் தடுக்க அந்த நாலு விரலும் ஒரு மூடியும்தான் இருக்கு. மூடி எதால செஞ்சது என்பதைவிட, அது வரப்பின் மேல தொப்பி மாதிரி இறங்கி உட்காருதா, கொண்டி போட்டுப் பூட்டியிருக்கா என்பதுதான் உயிர் சமாச்சாரம். யோசனை சொன்ன யாரும் வரப்பைப் பற்றிப் பேசலை. அது விற்பனைக்குக் கிடைக்கிற பொருள் இல்லையே.

கடைசியில் மூணு மூடிக்கும் ஒரே பதில் கிடைக்கலை.

அணியத்து மூடியை மாத்தவே இல்லை. அது ஒரு பழைய மரப் படகிலிருந்து எடுத்த கெட்டிப் பலகை, மேலே எந்தப் போர்வையும் கிடையாது. நனையும், காயும். தட்டிப் பார்த்தா மணி மாதிரி சத்தம். எண்ணெய் மட்டும் பூசினோம்.

இன்ஜின் மூடிக்கு 4 மி.மீ. அலுமினியத் தகடு, அடியில் எல் ஆங்கிள் சட்டம். சட்டம் கொடுத்தா 6 மி.மீ. தேவையில்லை. காரணம் தீ: பாலியெஸ்டர் ஃபைபர் பத்திக்கும், அலுமினியத் தகடு அப்படிப் பத்திக்காது. இங்க ஜன்னல் செய்யப் பயன்படுற 6063 சுலபமா கிடைக்குது. கடல் தண்ணிக்குத் தோதான 5083 தகட்டைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஸ்டீல் போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணியில் ஒண்ணையொண்ணு தொட்டா அலுமினியம்தான் கரையும், அதனால நடுவே நைலான் வாஷர். பித்தளைக் கீலைப் பார்த்ததும் தூக்கிப் போடச் சொன்னேன். மச்சானுக்கு மனசே இல்லை.

ஐஸ் மூடியில்தான் சண்டை. பட்டறை அண்ணன், பிளைவுட் வேண்டாம்னா ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே புஃப் வெச்சிடலாம் என்றார். குளிர் காக்க புஃப் நல்லது, ஆனா குதிகால் பட்டா நாளாவட்டத்தில் நொறுங்கி மாவாகும், தோல் தனியா வந்திடும். கடைசியில் அடிப்பக்கம் நாலு ஃபைபர் விலா போட்டோம். பாரம் தாங்க விலா, குளிர் காக்க இடையில் புஃப். கீல் வரும் இடத்தில் உள்ளே எதுவும் இல்லாத திட ஃபைபர், அதனால போல்ட் ஓட்டையில் தண்ணி இறங்கினாலும் தின்ன மரம் இல்லை. விளிம்பைக் கீழே மூணு விரல் மடிச்சுவிட்டோம், மடிப்புக்கு உள்பக்கம் வியர்வைத் துளி சொட்ட ஒரு காடி. எடை 8 கிலோ வந்தது. நான் 7 எதிர்பார்த்தேன்.

வரப்பை இன்னும் நாலு விரல் உயர்த்தச் சொன்னேன். "கால் தடுக்கும்டா, வலை மாட்டும்" என்று மறுத்துட்டார். அவர் சொல்றதிலும் நியாயம் இருக்கு. அங்க நிக்கப்போறது அவர்தானே. கொண்டி மட்டும் ரெண்டுக்கு நாலா போட்டுக்கிட்டார்.

ஜூன் 14 ராத்திரி படகு போச்சு. மூணாவது நாள் திரும்பி வந்ததும் முதலில் ஐஸ் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். காடியில் தண்ணி நின்னிருந்தது, கீலுக்குப் பக்கத்தில் ஜெல்கோட்டில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கீறல். கொண்டி நாலில் ரெண்டுதான் பூட்டியிருந்தது.